முடியாது என்று சொல்ல ஆளில்லாத நாடு: இலங்கையின் வீழ்ச்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

2021இன் கடைசி மாதங்களில் ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் இலங்கைக் கடலை அண்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே சீனாவின் சிங்டாவ் சீவின் நிறுவனத்தின் 20,000 தொன் சேதன (இயற்கை) உரம். முன்கூட்டியே வந்த மாதிரிகளைத் தாவரத் தடுப்புக்காப்புச் சேவையின் ஆய்வகம் சோதித்தது. எர்வினியா இருப்பதாக முடிவு வந்தது. கிழங்கையும் கரட்டையும் மண்ணுக்குள்ளேயே அழுக வைக்கும் பக்டீரியா அது. இறக்க முடியாது என்று அதிகாரிகள் எழுதிக்கொடுத்தார்கள். நிறுவனம் அந்த முடிவை மறுத்தது. கொழும்பு நீதிமன்றம் மக்கள் வங்கி திறந்திருந்த எல்சியின் (வங்கிக் கடனுறுதிக் கடிதத்தின்) பணத்தைக் கொடுக்கவேண்டாம் என்று தடுத்தது. பதிலுக்குச் சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில் 2022 ஜனவரியில் இலங்கை சுமார் 6.7 மில்லியன் டொலரைக் கட்டி விவகாரத்தை முடித்தது. உரம் ஒரு மூட்டைகூட இறங்கவில்லை.

பால்மா கொள்கலன்களைத் துறைமுகத்திலிருந்து எடுக்க டொலர் இல்லை என்று வியாபாரிகள் அலைந்த நேரம் அது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் அந்த ஆய்வகம். அந்த ஆண்டுகளில் இலங்கையின் அரச இயந்திரத்தில் 'முடியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட அபூர்வமான இடங்களில் அது ஒன்று. ஆனால் அதற்கு முன்னால், இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தலாமா என்ற கேள்வி வந்தபோது அப்படிச் சொல்ல ஆள் இருக்கவில்லை. சொன்ன ஓரிருவருக்கும் பதவி போனது. அப்படிச் சொல்பவர்கள் எப்படிக் காணாமல்போனார்கள் என்பதைத் தேடினால் கதை 2021இல் தொடங்கவில்லை, 2015இல் தொடங்குகிறது. அதுவும் ஊழலை ஒழிப்போம் என்று வந்த அரசாங்கத்தின் காலத்தில்.

ஒரு வெள்ளிக்கிழமை ஏலம்

2015 ஜனவரியில் மகிந்த ராஜபக்சவைத் தோற்கடித்து வந்தது மைத்திரிபால சிறிசேன – ரணில் விக்கிரமசிங்க கூட்டு. 'நல்லாட்சி' என்பது அவர்களே வைத்துக்கொண்ட பெயர். வடக்கு கிழக்குத் தமிழரும் முஸ்லிம்களும் அள்ளிப் போட்ட வாக்கு அந்த வெற்றியில் இருந்தது. ஆட்சிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பெப்ரவரி 27ஆம் திகதி மத்திய வங்கி 30 ஆண்டுப் பிணைமுறி (அரசு கடன் வாங்க விற்கும் பத்திரம்) ஒன்றை ஏலத்தில் விட்டது. அறிவித்த தொகை ஒரு பில்லியன் ரூபா. வந்த விலைமனுக்கள் 20 பில்லியனுக்கு மேல். ஏற்றுக்கொள்ளப்பட்டது 10 பில்லியன்.

பத்து மடங்கு எடுத்தால் என்ன குற்றம் என்று கேட்கலாம். பிணைமுறி ஏலத்தில் குறைந்த வட்டி கேட்பவர்களில் இருந்துதான் மேலே போவார்கள். ஒரு பில்லியனோடு நிறுத்தினால் மலிவாகக் கடன் கிடைத்திருக்கும். பத்து பில்லியன் வரை மேலே போனதால், கூடுதல் வட்டி கேட்டவர்களுக்கும் கதவு திறந்தது. அந்த வட்டியை அரசாங்கம் 30 ஆண்டுக்குக் கட்டவேண்டும். எடுத்த பத்து பில்லியனில் ஏறக்குறைய பாதி, பேர்பெச்சுவல் ட்ரெஷரீஸ் என்ற ஒரே முதனிலை வணிகருக்கு (ஏலத்தில் நேரடியாக வாங்க அனுமதி பெற்ற நிறுவனத்துக்கு) போனது. அதன் உரிமையாளர் அர்ஜுன் அலோசியஸ், அப்போது மத்திய வங்கி ஆளுநராக இருந்த அர்ஜுன மகேந்திரனின் மருமகன்.

ஏலம் நடந்த அன்று ஆளுநரே அரச கடன் திணைக்களத்துக்கு இறங்கி வந்து கூடுதல் தொகையை எடுக்கச் சொன்னார் என்று பின்னர் ஜனாதிபதி ஆணைக்குழு கண்டறிந்தது. மகேந்திரன் குற்றச்சாட்டுகளை மறுத்தார். சிங்கப்பூர் போனவர், விசாரணைக்குத் திரும்பி வரவில்லை.

இங்கே ஒரு விடயத்தை நிதானமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் பின்னால் இதற்கே திரும்பி வரப்போகிறோம். ஈ.பி.எப். என்று எல்லோரும் சொல்லும் ஊழியர் சேமலாப நிதியில் தனியார்துறை ஊழியரின் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி பங்காக 12 வீதமும் சேரும். ஹட்டனில் கொழுந்து பறிக்கும் பெண், கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளை, யாழ்ப்பாணத்துச் சுப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பையன், எல்லோருடைய முதுமைக்கும் அதுதான் காசு. அந்த நிதியை நிர்வகிப்பது மத்திய வங்கி. அதாவது அப்போது பிணைமுறியை விற்றதும் மத்திய வங்கி, வாங்கும் வணிகரைக் கண்காணித்ததும் மத்திய வங்கி, தொழிலாளியின் சேமிப்பைக் கொண்டு பிணைமுறி வாங்கியதும் அதே கட்டடத்தில் இன்னொரு மாடி.

ஏலத்தில் நேரடியாக மலிவாக வாங்கியிருக்கக்கூடிய பிணைமுறிகளை ஈ.பி.எப். பிறகு சந்தையில் கூடுதல் விலைக்கு வாங்கியது என்று ஆணைக்குழு சொன்னது. 2018 ஜனவரியில் ஜனாதிபதி சிறிசேன அந்த அறிக்கையின் கணக்கை நாட்டுக்கு வாசித்தார்: 2016 மார்ச் வரை இரண்டாம்நிலைச் சந்தையில் (ஏலத்துக்குப் பிறகு பிணைமுறிகள் கைமாறும் சந்தையில்) பேர்பெச்சுவல் பெற்ற இலாபம் 11 பில்லியன் ரூபாவுக்கு மேல். ஈ.பி.எப். உள்ளிட்ட அரச நிறுவனங்களுக்கு வந்த நட்டம் 8.5 பில்லியன்.

நட்டத்தைவிட அதை மூட நடந்த முயற்சிதான் நாட்டுக்கு அதிகம் செலவானது என்பது என் கணிப்பு. முதலில் டியூ குணசேகர தலைமையிலான பாராளுமன்றக் கோப் (அரச நிறுவனங்களை ஆராயும் குழு) உபகுழு விசாரித்தது. அறிக்கை வெளிவரவிருந்த வேளையில், 2015 ஜூன் 26 இரவு, பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த பாராளுமன்றத்தில் சுனில் ஹந்துன்னெத்தி தலைமையிலான கோப் மறுபடி விசாரித்து 2016இல் அறிக்கை கொடுத்தது. ஆளும்கட்சி உறுப்பினர்களால் அதை நேரடியாக நிராகரிக்க முடியவில்லை. ஆகவே அறிக்கையின் அடியில் அடிக்குறிப்புகள் சேர்த்தார்கள். 'ஃபுட்நோட் கோஷ்டி' என்று நாடே அவர்களைப் பகிடி பண்ணியது. 2017இல் ஆணைக்குழு முன்னால் வந்த சாட்சியம் ஒன்று, அலோசியஸோடு தொடர்புடைய கம்பனி முன்னாள் நிதி அமைச்சர் ரவி கருணாநாயக்கவின் குடும்பம் இருந்த சொகுசு மாடி வீட்டுக்கு வாடகை கட்டியது என்றது. தனக்கு அது தெரியாது என்றார் அவர். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த சனம் சிரித்த சிரிப்பை இப்போதும் மறக்க முடியாது. அந்த ஓகஸ்டில் அவர் பதவி விலகினார்.

'நல்லாட்சி' என்ற சொல்லே நக்கலானது. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் ராஜபக்சக்களின் மொட்டுக் கட்சி நாட்டை வாரிச் சுருட்டியது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளில் 260 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். முன்னெச்சரிக்கை கையில் இருந்தும் அதை யாரும் நகர்த்தவில்லை என்று தெரியவந்தது. ஆணைக்குழு, பேரவை, சுயாதீனம் என்ற சொற்களெல்லாம் தென்னிலங்கை வாக்காளருக்குக் கையாலாகாத்தனத்தின் மறுபெயராகிவிட்டன. 'செய்து முடிக்கிற' ஒருவர் வேண்டும் என்றார்கள். 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச 52 வீத வாக்குகளோடு வந்தார். வடக்கு கிழக்கு அவருக்கு வாக்களிக்கவில்லை. போர்க்காலத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் யாரென்று அங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

20ஆவது திருத்தம்

ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்து 2015இல் கொண்டுவந்த அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் நல்லாட்சிக் காலம் விட்டுப்போன ஒரே உருப்படியான சொத்து. 2018 ஒக்டோபரில் சிறிசேன தன் பிரதமரையே நீக்கிவிட்டு, நவம்பரில் பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்னது இந்தத் திருத்தத்தின் பலத்தில்தான். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: நீங்கள் உச்ச நீதிமன்றம் என்பதை நாங்கள் உயர் நீதிமன்றம் என்போம்.)

2020 ஒக்டோபரில் 20ஆவது திருத்தம் அதைக் கழற்றிப் போட்டது. உயர் பதவி நியமனங்களைத் தடுக்க அதிகாரம் இருந்த அரசியலமைப்புப் பேரவையின் இடத்தில், அபிப்பிராயம் மட்டும் சொல்லக்கூடிய பாராளுமன்றப் பேரவை வந்தது. கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவும் தேசிய கொள்வனவு ஆணைக்குழுவும் இல்லாமல்போயின. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் எம்.பி. ஆகக்கூடாது என்ற தடையும் எடுபட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் அமெரிக்கக் குடியுரிமையும் வைத்திருந்த பசில் ராஜபக்ச பாராளுமன்றம் வந்து நிதி அமைச்சரானார். அண்ணன் பிரதமர், தம்பி ஜனாதிபதி, இன்னொரு தம்பி நிதி.

கோவிட் காலம். ஊர் அடங்கிக் கிடந்தது. இதைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை.

சீனி

20ஆவது திருத்தத்தோடு ஒரே மாதத்தில், 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி, ஒரு வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் வந்தது. இறக்குமதிச் சீனிக்குக் கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த விசேட வரி 25 சதமாகக் குறைந்தது. ஐம்பது ரூபா எங்கே, கால் ரூபா எங்கே. காரணம் சனத்துக்குச் சீனி மலிவாகக் கிடைக்கவேண்டும் என்பது.

கடையில் விலை இறங்கவில்லை. வர்த்தகர்கள் கொண்டுவந்து குவித்தார்கள், பழைய விலைக்கே விற்றார்கள், வித்தியாசம் அவர்கள் கையில் நின்றது. பாராளுமன்ற நிதிக் குழுவிலும் கணக்காய்விலும் வெளிவந்த வருமான இழப்பு ஏறக்குறைய 16 பில்லியன் ரூபா. இதற்குப் பெட்டியில் காசு கைமாறவேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரு இலக்கத்தை மாற்றும் அதிகாரம் ஒரு மேசையில் இருந்தது. அந்த மேசைக்கு எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பவர் இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு அரச கடைத்தொகுதியான சதொசவில் வெள்ளைப்பூண்டு ஊழல் விவகாரம் வெடித்தது. அதைப் பகிரங்கமாகப் பேசிய நுகர்வோர் அதிகார சபையின் நிறைவேற்றுப் பணிப்பாளர் 2021 செப்டெம்பரில் பதவி விலகினார். சமையல் எரிவாயுவின் கலவை மாற்றப்பட்டிருப்பதையும் அவர் எச்சரித்திருந்தார். நவம்பரில் வீடுகளில் அடுப்புகள் வெடிக்கத் தொடங்கின.

பெரிய துளை

சரி, சீனி 16 பில்லியன், பிணைமுறி 8.5 பில்லியன். இவற்றைக் கூட்டினால் ஒரு நாடு வங்குரோத்தாகுமா? ஆகாது. 'கள்ளர் தின்று தீர்த்துவிட்டார்கள்' என்பது தேநீர்க்கடைகளில் கேட்ட விளக்கம். கோபத்துக்குப் பொருத்தமான விளக்கம்தான், ஆனால் கணக்கு உதைக்கிறது. உண்மையான துளை சட்டப்படி, வெளிச்சத்தில், கைதட்டலோடு போடப்பட்டது.

கோட்டாபய பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகமுன் வற் (மதிப்புக் கூட்டு) வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. வற் கட்டவேண்டிய வியாபாரத்தின் எல்லை ஆண்டுக்கு 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியனுக்கு ஏறியது. தேசக் கட்டுமான வரி போனது. சம்பளத்தில் கழிக்கும் வரியும் போனது. 2019இல் சுமார் 1,900 பில்லியனாக இருந்த அரச வருமானம் 2020இல் 1,400 பில்லியனுக்குக் கீழே விழுந்தது. கோவிட்டுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியில் 12 வீதத்துக்கு மேல் இருந்த வருமானம் 2021இல் 8 வீதத்துக்குச் சற்று மேல் வந்து நின்றதைக் கோவிட்டால் மட்டும் விளக்க முடியாது. சீனி வர்த்தமானியின் 16 பில்லியனை இந்த 500 பில்லியனுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதற்கு எங்கேயாவது ஒரு தடை இருந்திருக்கவேண்டும். திறைசேரியில் (கருவூலத்தில்) ஒருவர், 'ஐயா, கடன் தவணை இவ்வளவு இருக்கிறது, இதை எங்கிருந்து கட்டுவது?' என்று கேட்டிருக்கவேண்டும். மத்திய வங்கி, 'உங்களுக்காகக் காசு அச்சடிக்க மாட்டோம்' என்றிருக்கவேண்டும். 1949இன் நாணய விதிச் சட்டத்தின்படி மத்திய வங்கியின் நாணயச் சபையில் திறைசேரிச் செயலாளருக்கு அப்போது ஓர் ஆசனம் இருந்தது. கடன் கேட்பவர், கடன் கொடுக்கும் மேசையிலும் உட்கார்ந்திருந்தார். 2019 இறுதியில் மத்திய வங்கி கையில் வைத்திருந்த திறைசேரி உண்டியல்கள் (அரசின் குறுங்காலக் கடன் பத்திரங்கள்) 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவு. இரண்டே ஆண்டில் அது ஒரு ட்ரில்லியனைத் தாண்டியது. வரியாக வராத காசு, அச்சடித்த காசாக வந்தது.

கடன் கட்டும் திறனை மதிப்பிடும் தரப்படுத்தல் நிறுவனங்கள் இலங்கையை அடுத்தடுத்துக் கீழே இறக்கின. வெளியே கடன் வாங்கும் வழி அடைபட்டது. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த கையிருப்பைக் கரைத்துத்தான் பழைய கடனைக் கட்டினார்கள். 2021 செப்டெம்பரில் மத்திய வங்கி ஆளுநராகத் திரும்பி வந்த அஜித் நிவாட் கப்ரால் டொலரை 203 ரூபாவுக்குப் பக்கத்தில் பிடித்து வைத்தார்.

பிடித்து வைத்தது வங்கியில் மட்டும்தான். இதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து யாழ்ப்பாணத்துக்குக் காசு போகும் உண்டியல் வழி நமக்கு நன்றாகவே தெரியும். வங்கியில் ஒரு விலை, உண்டியல்காரரிடம் அதைவிட நல்ல விலை. டுபாயிலும் கத்தாரிலும் வேலை செய்யும் சிங்களப் பிள்ளைகளும் அந்த வழியைக் கற்றுக்கொண்டார்கள். 2020இல் 7.1 பில்லியன் டொலராக வந்த வெளிநாட்டு உழைப்புக் காசு 2021இல் 5.5 பில்லியன், 2022இல் 3.8 பில்லியன். மத்திய வங்கியின் வார்த்தையைச் சனம் நம்பாமல்போனதற்கு இதைவிடத் துல்லியமான அளவுகோல் கிடையாது.

2022 ஜனவரி 18. கையில் டொலர் இல்லை, முதலில் கடனை மறுசீரமையுங்கள் என்று பொருளியலாளர்கள் மன்றாடிக்கொண்டிருக்க, 500 மில்லியன் டொலர் சர்வதேசப் பிணைமுறி ஒன்று முழுதாகக் கட்டப்பட்டது. ஹிப்போ ஸ்பிரிட்டுக்குக் கட்டியதும் அதே மாதம்தான்.

உரம் என்ற தனி முட்டாள்தனம்

உரத் தடையை ஊழல் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அதில் கமிஷன் இருந்தது என்று பேசியவர்கள் உண்டு. எனக்குப் படுவது வேறு. ஒரு மனிதரின் நம்பிக்கை இரவோடிரவாக நாட்டின் சட்டமாவதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை என்பதே அதிலுள்ள பெரிய செய்தி.

2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது. விவசாயப் பேராசிரியர் புத்தி மாரம்பே விளைச்சல் விழும் என்று பகிரங்கமாகச் சொன்னார். நவம்பரில் விவசாய அமைச்சர் மகிந்தானந்த அளுத்கமகே அவரை அமைச்சின் பொறுப்புகள் எல்லாவற்றிலிருந்தும் நீக்கச் சொன்னார். டிசெம்பரில், உணவுத் தட்டுப்பாடு வரலாம் என்று வாய் திறந்த அமைச்சின் செயலாளரும் மாற்றப்பட்டார். நவம்பர் இறுதியில் தடை தளர்ந்தது. ஆனால் பெரும்போகத்துக்கு விதைப்பு முடிந்திருந்தது. யூரியா போடவேண்டிய நேரத்தில் யூரியா கடையில் இல்லை. வன்னியிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அந்தப் போகம் மஞ்சள் பாய்ந்த பயிரோடு போனது.

வரிசைகள்

2022 மார்ச் 7ஆம் திகதி டொலரைப் பிடித்து வைத்த கை விட்டது. 203 ரூபா இரண்டு மாதத்தில் 360. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு. மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் பள்ளிப் பரீட்சை தள்ளிப்போனது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அதுவே முதல் முறை. மே மாதம் நிதி அமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில் சொன்ன கணக்கின்படி, கையில் பயன்படுத்தக்கூடிய டொலர் 50 மில்லியன்கூட இல்லை.

வரிசையில் நின்றவர்களுக்கு இந்த எண்கள் வேறு வடிவில் தெரியும். எரிவாயு சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டித் தெருவோரம் இடம் பிடித்துவிட்டு ஆட்கள் வேலைக்குப் போனார்கள். ஓட்டோக்காரர் வரிசையிலேயே படுத்தார். கொழுத்த வெயிலில் நின்று விழுந்து செத்தவர்களும் உண்டு. 2021 டிசெம்பரில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் 2022 ஜூனில் 470. தோட்டத் தொழிலாளிக்கு நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. அந்த ஆயிரத்தின் கதையை லயத்து அடுப்படியில் கேட்கவேண்டும். மூன்று வேளையும் ரொட்டி என்றால், ஒரு கிலோ நூறு ரூபாவுக்குள் வாங்கிய கோதுமை மா முன்னூறைத் தாண்டினால், அந்தச் சம்பளம் எத்தனை நாளைக்கு வரும்?

வடக்கில் பலருக்கு இது இரண்டாவது முறை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள், 'கொழும்புக்கு இப்பதான் தெரியுது' என்று சொல்லிக்கொண்டார்கள். அதில் கொஞ்சம் கசப்பும் இருந்தது, கொஞ்சம் இரக்கமும் இருந்தது. ஆனால் அந்த அனுபவமும் மீனவரைக் காப்பாற்றவில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. படகு கரையில் கிடந்தது. அதற்கு முன்பே, மார்ச் 22ஆம் திகதி மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து பிள்ளைகளோடு 16 பேர் தனுஷ்கோடிக் கரையில் போய் இறங்கினார்கள். போர் முடிந்து பதின்மூன்று ஆண்டு கழித்து, பசிக்காக. தமிழ்நாட்டு அரசு 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்தும் அனுப்ப முடிவெடுத்து, மே மாதம் முதல் கப்பல் கிளம்பியது.

கொழும்பில் பணவீக்கம் செப்டெம்பரில் 69.8 வீதத்தைத் தொட்டது. உணவுக்கு மட்டும் பார்த்தால் 94.9. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2021இல் 13 வீதமாக இருந்த வறுமை அடுத்த ஆண்டே 25 வீதத்தைத் தாண்டியது. அந்த ஒரு ஆண்டில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் பெட்டி கட்டினார்கள்.

வாக்குச்சீட்டுக்கு நடந்தது

2022 மார்ச் 31 இரவு மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டுக்கு முன்னால் தொடங்கிய மக்கள் போராட்டம், ஏப்ரல் 9இல் காலிமுகத்திடலில் கூடாரமானது, 'கோட்டா கோ கம' ('கோட்டா போ' கிராமம்) என்று பெயர் வைத்துக்கொண்டது, ஜூலை 9இல் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. உள்ளே கண்டெடுத்த 17.8 மில்லியன் ரூபா காசை இளைஞர்கள் எண்ணிப் பொலிஸிடம் ஒப்படைத்தார்கள். கோட்டாபய நாட்டை விட்டு ஓடி, சிங்கப்பூரிலிருந்து பதவி விலகினார். மொட்டுக் கட்சி எம்.பி.க்களின் வாக்கால் ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியானார். பிணைமுறி விவகாரத்தின்போது பிரதமராக இருந்த அதே ரணில். 2020 தேர்தலில் அவர் கட்சி வென்றது ஒரு ஆசனமும் இல்லை, தேசியப் பட்டியலில் ஒன்று மட்டும்.

அவர் காலத்தில் வரிசை குறைந்தது, சர்வதேச நாணய நிதியத்தின் ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் திட்டம் 2023 மார்ச்சில் கிடைத்தது, மத்திய வங்கிக்குப் புதிய சட்டம் வந்து திறைசேரிச் செயலாளரின் ஆசனம் எடுபட்டது. இவற்றைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே 2023இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்குத் திறைசேரி காசு கொடுக்கவில்லை. காசு இல்லை என்பதே சொன்ன காரணம். கஜானாவைக் காலியாக்கினால், காலியாக்கியவர்களைத் தண்டிக்கும் தேர்தலையும் நிறுத்தலாம் என்ற நிலை. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2024 ஓகஸ்டில்.

அந்தக் கோபம் அடுத்த மாதம் பெட்டியில் விழுந்தது. 2020இல் மூன்றே ஆசனம் பெற்ற தேசிய மக்கள் சக்தியின் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். நவம்பரில் அவரது கட்சி 225இல் 159 ஆசனங்களை எடுத்தது. யாழ்ப்பாணத்தில் ஆறில் மூன்று ஆசனமும் அவர்களுக்கே. தமிழ்க் கட்சிகளைத் தாண்டித் தெற்குக் கட்சியொன்று அந்த மாவட்டத்தில் முதலிடம் பிடித்ததை எங்கள் அப்பாக்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். அதைத் தமிழ்த் தேசியத்தின் முடிவு என்று எழுதியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். தென்னிலங்கைக்காரன் தன் தலைவர்களை எவ்வளவு வெறுத்தானோ, அதே அளவு யாழ்ப்பாணத்தானும் தன் தலைவர்களிடம் சலித்துப்போயிருந்தான் என்றுதான் எனக்குப் படுகிறது.

பொறுப்பாளிகள், பொறுப்பு

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. முன்னாள் ஒலிம்பிக் நீச்சல் வீரர் ஜூலியன் பொலிங், ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நெஷனல் அமைப்பின் இலங்கைக் கிளை உள்ளிட்டோர் போட்ட மனு. கோட்டாபய, மகிந்த, பசில், முன்னாள் ஆளுநர்களான கப்ரால், லக்ஷ்மன், முன்னாள் செயலாளர்களான பீ.பி. ஜயசுந்தர, எஸ்.ஆர். ஆட்டிகல முதலியோர் மக்கள் நம்பிக்கையை மீறி நெருக்கடிக்குக் காரணமானார்கள் என்றது பெரும்பான்மை. வரிக் குறைப்பும், டொலரைப் பிடித்து வைத்ததும், ஐ.எம்.எப்.பிடம் போகத் தாமதித்ததும் தீர்ப்பில் வருகின்றன. மனுதாரர்கள் நட்டஈடு கேட்கவில்லை. வழக்குச் செலவாகத் தலா 150,000 ரூபா.

அதே 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பும் நடந்தது. அந்தச் சுமையில் பெரும்பங்கை ஏற்கவேண்டி வந்தது யார் தெரியுமா? ஈ.பி.எப். வங்கிகள் ஏற்கெனவே நிறைய வரி கட்டுகின்றன, அவற்றைத் தொட்டால் வைப்பாளர்கள் பயப்படுவார்கள் என்று வங்கிகளின் பிணைமுறிகளை விட்டுவிட்டார்கள். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் சேமலாப நிதியிடம், உன் பழைய பிணைமுறிகளைக் கொடுத்துவிட்டு முதலில் 12 வீதமும் பிறகு 9 வீதமும் வட்டி தரும் புதியவற்றை வாங்கிக்கொள், இல்லையென்றால் வட்டி வருமானத்துக்கு 30 வீத வரி கட்டு என்றார்கள். ஜூலை 1, ஒரு சனிக்கிழமை, பாராளுமன்றம் கூடி அதை நிறைவேற்றியது. கொழுந்து பறிப்பவரிடமோ பில் போடுபவரிடமோ யாரும் கேட்கவில்லை. 2015இல் அவர்களுடைய பணத்தில் பிணைமுறியைக் கூடுதல் விலைக்கு வாங்கியபோதும் கேட்கவில்லை.

உரக் கப்பல் காலத்தில் விவசாய அமைச்சராக இருந்த மகிந்தானந்த அளுத்கமகேக்கு 2025 மே மாதம் கொழும்பு மேல் நீதிமன்றம் 20 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. சதொச ஊடாக 14,000 கரம் போர்டுகளும் 11,000 தாம் (செக்கர்ஸ்) பலகைகளும் இறக்கி, 2015 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் விளையாட்டுக் கழகங்களுக்குப் பங்கிட்ட வழக்கு அது. அரசுக்கு வந்த நட்டம் 53 மில்லியன் ரூபா.